வெண்ணிற இரவுகளும் பிரைட்டன் பீச்சின் குளிர்காலமும்

ஒருதலைக் காதலைப் பற்றிய பழைய கதைகளில், தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' அளவுக்குப் பல நாட்டு இயக்குநர்களைத் தன்பக்கம் இழுத்தவை மிகக் குறைவு. 1957-இல் இத்தாலியில் லுக்கினோ விஸ்கோன்தி, 1971-இல் பிரான்சில் ராபர்ட் பிரெஸ்ஸோன், 2003-இல் தமிழில் எஸ். பி. ஜனநாதன், 2007-இல் இந்தியில் சஞ்சய் லீலா பன்சாலி என்று ஒவ்வொருவரும் அந்தக் கதையைத் தத்தம் ஊருக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். 2008-இல் வந்த அமெரிக்க இயக்குநர் ஜேம்ஸ் கிரேயின் 'டூ லவ்வர்ஸ்' இந்த வரிசையில் மூலத்திலிருந்து மிகவும் விலகி நிற்கும் படம். அதில் கால்வாய்க்கரை இல்லை. விடிய விடிய வெளிச்சம் மங்காத கோடை இரவுகள் இல்லை. கண் தெரியாத பாட்டி இல்லை. நான்கு இரவுகள் என்ற கணக்கும் இல்லை. இருந்தும் மற்றப் படங்கள் மையத்துக்குக் கொண்டுவராத ஒரு கேள்வியைக் கேட்டது அந்தப் படம்தான். காதலித்துத் தோற்றவனை அதே நேரத்தில் இன்னொருத்தி காதலித்துக்கொண்டிருந்தால் அவன் என்ன செய்வான் என்பதே அந்தக் கேள்வி. இந்தக் கதையின்மீது எனக்குள்ள நெடுநாள் பற்றின் காரணமாக, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் மூலக்கதை. 1848 டிசம்பரில் ஒரு ரஷ்ய இலக்கிய இதழில் இது வெளிவந்தபோது தஸ்தயேவ்ஸ்கிக்கு வயது 27. அடுத்த ஏப்ரலில் அவர் கைது செய்யப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில் மரண தண்டனைக்கான மேடைவரை கொண்டு நிறுத்தப்பட்டு, கடைசி நிமிடத்தில் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்கெல்லாம் முந்தைய தஸ்தயேவ்ஸ்கி எழுதியது இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கும்போது, இதிலுள்ள மென்மை இன்னும் நெருக்கமாகிறது. அளவில் சிறியதுதான் என்றாலும் 'உணர்ச்சி நாவல்' என்றே அவர் இதற்குத் துணைத்தலைப்பு இட்டார். கதையைச் சொல்பவனுக்குப் பெயர் கிடையாது; கனவுலகவாசி என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறான். வயது 26, எட்டு ஆண்டுகளாகப் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்கிறான், அறிமுகம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. கோடையில் ஊரே கிராமத்து வீடுகளுக்குக் கிளம்பிப் போகும்போது, தன்னை மட்டும் எல்லோரும் விட்டுவிட்டுப் போவதாக எண்ணி அலைகிறான். வீடுகளோடு பேசுகிறான். அவனுக்குப் பிரியமான இளஞ்சிவப்பு வீடு ஒன்றுக்கு யாரோ மஞ்சள் அடித்துவிட்டதற்காக உள்ளம் குமுறுகிறான். பீட்டர்ஸ்பர்க் வடக்கே ஏறத்தாழ 60 பாகையில் இருப்பதால், ஜூன் மாதத்தில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. அந்தி வெளிச்சமே இரவு முழுவதும் நீடித்து விடியலோடு கலந்துவிடுகிறது. தூக்கமும் விழிப்பும் பிரியாத அந்த வெளிச்சம் அவனைப் போன்றவனுக்கென்றே அமைந்தது.

அப்படியோர் இரவில் கால்வாய்க் கரையில் அழுதுகொண்டு நிற்கும் நாஸ்தென்காவை அவன் சந்திக்கிறான். தன்மீது காதல்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையை அவள் தொடக்கத்திலேயே விதித்துவிடுகிறாள். ஓராண்டுக்கு முன் அவள் வீட்டு மாடியில் குடியிருந்த இளைஞன் மாஸ்கோவுக்குப் போகும்போது, திரும்பி வந்து அவளை மணந்துகொள்வதாகச் சொல்லியிருந்தான். இப்போது ஊருக்கு வந்துவிட்டான், ஆனால் அவளைத் தேடி வரவில்லை. அவளுக்காகக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுப்பதும், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவளைக் காதலிக்கும் இவனேதான். மூன்றாம் இரவும் காத்திருப்பில் கழிகிறது. நான்காம் இரவில் அவள் நம்பிக்கை இழக்கிறாள், இவன் காதலைச் சொல்லிவிடுகிறான், அவள் ஏற்றுக்கொள்கிறாள். காலியாக இருக்கும் அதே மாடி அறைக்கு இவன் குடிவருவது என்றுகூடப் பேசி முடிக்கிறார்கள். அந்த நேரத்தில் பழைய குடித்தனக்காரன் எதிரே வருகிறான். அவள் ஓடிப் போகிறாள்; திரும்பி ஓடிவந்து இவனுக்கு ஒரு முத்தம் தருகிறாள்; மறுபடியும் போய்விடுகிறாள். மறுநாள் மழைக்காலையில் மன்னிப்புக் கேட்டு அவளுடைய கடிதம் வருகிறது. அவளை ஒரு சொல்லால்கூடக் குறை கூறாமல், அவள் வானம் தெளிவாக இருக்கட்டும் என்று அவன் வாழ்த்துகிறான். ஒரு மனிதனின் முழு வாழ்க்கைக்கும் ஒரு கணத்து நிறைவான பேரின்பம் போதாதா என்ற கேள்வியோடு கதை முடிகிறது.

இந்த வாழ்த்தைத்தான் வாசகர்கள் பலரும் மனத்தில் சுமந்து திரிகிறார்கள். ஆனால் அதைச் சாத்தியமாக்கியது எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கதை முழுக்க அவனுடைய குரல். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, முதலாளி இல்லை, நண்பன் இல்லை. ஒட்டடைகூட அடிக்காத மத்ரியோனா என்ற வேலைக்காரக் கிழவி மட்டும் உண்டு. அவன் உடைந்துபோனால் அதனால் அழுவதற்கு உலகில் ஒருவரும் இல்லை என்பதால், அந்தத் துயரத்தை முழுமையாகத் தனக்கே உரியதாக்கிக்கொண்டு, அதைப் பரிசாக மாற்றி அவளிடம் கொடுத்துவிட அவனால் முடிகிறது. யாருக்கும் கடன்படாதவனின் தியாகம் அது. அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் சொல்ல வருவதெல்லாம், எழுத்தில் மட்டுமே அத்தகைய தனிமையைக் குறையின்றி உருவாக்க முடியும் என்பதுதான். படம் என்று வந்துவிட்டால், கேமரா மூன்று பேருக்கும் முகம் கொடுத்துவிடுகிறது. அவர்கள் நிற்கும் தெருவில் வேறு மனிதர்களும் வந்துவிடுகிறார்கள்.

முந்தைய இயக்குநர்கள் இந்தச் சிக்கலை வெவ்வேறு வழிகளில் சமாளித்தார்கள். விஸ்கோன்தி லிவோர்னோ நகரத்துக் கால்வாய்களையும் பாலங்களையும் ரோம் நகரின் சினெசித்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகக் கட்டினார். மார்ச்செல்லோ மாஸ்த்ரோயன்னி நடித்த மாரியோ கனவுலகவாசி அல்ல, சாதாரண அலுவலக ஊழியன். அவன் நத்தாலியாவின் கடிதத்தைச் சேர்ப்பிக்காமல் கிழித்து எறிந்துவிடுகிறான்; நாவலின் நாயகன் ஒருபோதும் செய்திருக்க முடியாத காரியம் அது. அந்த ஒரு துரோகத்தால் மாரியோ நம்மில் ஒருவன் ஆகிவிடுகிறான். பிரெஸ்ஸோன் பாரிஸின் போன்நெஃப் பாலத்தில் கதையை நடத்தினார். அவருடைய ஓவியன் ஜாக், தன் கற்பனைக் காதல்களை ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிவுசெய்து, தானே போட்டுக் கேட்டுக்கொள்கிறான். நாவலின் ஒற்றைக் குரலை அப்படியே ஒரு பொருளாக மாற்றிவிட்ட பிரெஸ்ஸோனின் சாமர்த்தியத்தை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். பன்சாலியின் 'சாவரியா' பாலத்தையும் பாட்டியையும் காத்திருப்பையும் வைத்துக்கொண்டு, நீல நிறத்தில் ஒரு கனவு நகரத்தையும் கட்டியது. ஆனால் அந்த நகரத்தில் கதையின் மூச்சை என்னால் உணர முடியவில்லை.

தமிழில் ஜனநாதனின் முதல் படமான 'இயற்கை' இந்த வரிசையில் தலைநிமிர்ந்து நிற்கிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற அந்தப் படத்தை இன்று பலர் வித்யாசாகரின் பாடல்கள் வழியாக மட்டுமே நினைவில் வைத்திருப்பது வருத்தம் தருகிறது. பீட்டர்ஸ்பர்க் கனவுலகவாசி ஊரைவிட்டு எங்கும் போகாதவன். பயணம் போவதும் திரும்பி வருவதும் மாடிக் குடித்தனக்காரன்தான். ஜனநாதனோ, காதலித்துத் தோற்கும் மருதுவையும் அவன் எதிர்கொள்ளும் கேப்டனையும் இருவரையுமே கடலோடிகளாக்கினார். காத்திருக்கும் நான்சி மட்டும் கரையில் நிற்கிறாள். நிலத்தில் வேர்விடாத ஒரு மாலுமிக்குக் காதல் என்பது கரையில் தங்கிவிடுவதற்கான காரணமாகிறது; அதை இழப்பது கரையையே இழப்பது போலாகிறது. மூலத்தின் உணர்ச்சிக்கு உண்மையாக இருந்துகொண்டே அதன் அமைப்பை மாற்றிய முயற்சி அது. 2021-இல் அவர் மறைந்தபோது அவருடைய அரசியல் படங்களைப் பற்றி நிறையப் பேசினார்கள். அவற்றோடு இந்தப் படத்தையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

இனி 'டூ லவ்வர்ஸ்'. ஜேம்ஸ் கிரே ரஷ்ய யூதப் பின்னணி கொண்ட குடும்பத்தில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். புரூக்ளினின் தென்கோடியில் கடலை ஒட்டியிருக்கும் பிரைட்டன் பீச்சில், 1970-களிலிருந்து சோவியத் நாட்டை விட்டு வந்த யூதக் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. ஒதெஸ்ஸா துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் பலர் என்பதால் அந்தப் பகுதிக்குக் குட்டி ஒதெஸ்ஸா என்ற பெயரும் வந்தது. கிரேயின் முதல் படத்துக்கும் 'லிட்டில் ஒடெஸ்ஸா' என்றே பெயர். ஆகவே பீட்டர்ஸ்பர்க் கதையை அவர் அங்கே கொண்டுபோனது வெறும் இடமாற்றமாகத் தோன்றவில்லை. ரஷ்ய மண்ணிலிருந்து கிளம்பிய மனிதர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கே அந்தக் கதையும் வந்து சேர்ந்திருக்கிறது. பருவத்தை மட்டும் அவர் தலைகீழாக்கினார். கோடையின் வெளிச்ச இரவுகளுக்குப் பதிலாக மங்கிய குளிர்காலம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பழுப்பு வெளிச்சமும் சாம்பல் நிறக் கடலும் படத்தை நிறைக்கின்றன.

ஹோக்கின் ஃபீனிக்ஸ் நடிக்கும் லியோனர்ட், டிரை கிளீனிங் கடையிலிருந்து எடுத்துவரும் துணியைக் கையில் பிடித்தபடி நீர்மேல் நீளும் பாலத்தில் நடந்துவந்து, திடீரென்று தண்ணீரில் விழுவதோடு படம் தொடங்குகிறது. கரையேற்றப்பட்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகிறான். அவனுக்கு மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் நோய் இருப்பதும், இதற்கு முன்பும் இப்படி நடந்திருப்பதும் பெற்றோரின் தணிந்த பேச்சிலிருந்து நமக்குத் தெரிகிறது. அவனுக்கு ஏற்கெனவே ஒரு திருமணம் நிச்சயமாகியிருந்தது. இருவருமே டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோயின் மரபணுவைக் கொண்டிருந்தார்கள் என்பது பரிசோதனையில் தெரியவந்ததால் அந்த உறவு முறிந்தது. குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கும் அந்த நோயின் மரபணு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவது. கிரே இதைக் கதைக்குள் கொண்டுவந்த விதம் என்னை மிகவும் பாதித்தது. நாவலில் கனவுலகவாசியின் தனிமைக்கு எந்தக் காரணமும் சொல்லப்படுவதில்லை. அது அவனது இயல்பு. இங்கே அவன் சார்ந்த சமூகத்தின் இரத்தத்திலேயே அந்தக் காரணம் இருக்கிறது. அவன் எங்கிருந்து வந்தானோ, அதுவே அவனிடமிருந்து முதல் காதலைப் பறித்தது.

இந்த லியோனர்டின் வாழ்க்கையில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். சான்ட்ரா, அவன் தகப்பனாரின் டிரை கிளீனிங் தொழிலை வாங்கவிருக்கும் கோஹன் குடும்பத்துப் பெண்; இரு வீட்டாரும் விரும்பி இரவு விருந்தில் அறிமுகம் செய்துவைப்பவள். நம் ஊரில் பெண் பார்க்கும் படலத்தைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்த விருந்தின் ஒவ்வொரு பார்வையும் விளங்கும். மிஷெல், அதே கட்டடத்தின் மேல்தளத்தில் புதிதாகக் குடிவந்தவள். திருமணமான வழக்கறிஞர் ரொனால்டுக்காகக் காத்திருப்பவள். ரொனால்ட் மனைவியை விட்டு வருவான் என்ற நம்பிக்கையில் அவள் நாள்களை ஓட்டுகிறாள். அவள் தன் பக்கம் திரும்புவாள் என்ற நம்பிக்கையில் லியோனர்ட் ஓட்டுகிறான். லியோனர்ட் தன்னைப் பார்ப்பான் என்ற நம்பிக்கையில் சான்ட்ரா அமைதியாக இருக்கிறாள். நாவலில் இரண்டு கண்ணிகள் மட்டுமே கொண்ட சங்கிலிக்கு கிரே மூன்றாவது கண்ணி ஒன்றைப் பூட்டிவிட்டார்.

அந்த மூன்றாவது கண்ணிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஒருதலைக் காதல் கதைகளில் நாம் வழக்கமாக ஏங்குகிறவனின் பக்கம்தான் நிற்போம். ஏக்கமே அவனை நல்லவனாக்கிவிடும். லியோனர்ட் மிஷெலுக்காக ஏங்கும்போது நாமும் அவனோடு ஏங்குகிறோம். அவளோடும் அவள் தோழிகளோடும் நடனக் கூடத்துக்குப் போய், யாரும் எதிர்பாராத விதமாக அவன் ஆடத் தொடங்கும்போது மனம் அவனுக்காகத் துள்ளுகிறது. அதே ஆள் சான்ட்ராவோடு இருக்கும்போது, மிஷெலிடமிருந்து தொலைபேசி வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். மிஷெலிடம் ரொனால்ட் நடந்துகொள்வதற்கும் சான்ட்ராவிடம் இவன் நடந்துகொள்வதற்கும் அதிக வேறுபாடு இல்லை என்பதைப் படம் ஒரு வசனம்கூட இல்லாமல் உணர்த்திவிடுகிறது. பாதிக்கப்பட்டவனே பாதிப்பை உண்டாக்குகிறவனாகவும் இருக்கிறான். அவனுக்கு அது தெரிவதே இல்லை. பீட்டர்ஸ்பர்க் கனவுலகவாசியை யாராவது இப்படிக் காதலித்திருந்தால், அவன் அதைக் கவனித்திருப்பானா என்ற ஐயம் இந்தப் படத்தைப் பார்த்த பிறகு நாவலைத் திரும்பப் படிக்கும்போது எழாமல் இருக்காது. வீடுகளின் முகங்களையெல்லாம் அறிந்தவன், மத்ரியோனாவின் முகத்தைக் கடைசிக் காலைவரை ஏறிட்டுப் பார்த்ததாகவே தெரியவில்லை.

நாவலின் சில பொருள்கள் இந்தப் படத்தில் உருமாறி வந்திருக்கும் விதத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி இன்பம். நாஸ்தென்காவின் பாட்டி, பேத்தி எங்கும் ஓடிவிடாதபடி அவள் பாவாடையைத் தன் பாவாடையோடு ஊசியால் சேர்த்துக் குத்தி வைத்திருப்பாள். படத்தில் அந்த ஊக்கு, பெண்ணிடமிருந்து கனவுலகவாசியிடம் இடம்மாறியிருக்கிறது. இசபெல்லா ரொசெல்லினி நடிக்கும் தாய் ரூத்தின் கண்கள்தான் அந்த ஊக்கு. மகன் கதவைச் சாத்தினாலும் திறந்தாலும், சட்டை மாற்றினாலும், இரவில் தாமதமாக வந்தாலும் அந்தக் கண்கள் அவனைத் தொடர்கின்றன. முப்பது வயதைத் தாண்டிய மகன் அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்துவிட முடியாது. ஆனால் பாட்டியின் ஊசியில் இருந்தது கண்டிப்பு. ரூத்தின் பார்வையில் இருப்பது, இன்னொரு முறை மகன் தண்ணீரில் இறங்கிவிடக் கூடாதே என்ற நடுக்கம். காதலனுக்குச் சேர வேண்டிய கடிதத்தைச் சுமக்கும் வேலையும் வேறு வடிவில் வருகிறது. மிஷெல் லியோனர்டை ரொனால்டோடு சாப்பிட அழைத்துச் சென்று, அவரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்க நினைக்கிறாள். ஆனால் ரொனால்ட், அவளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளும்படி இவனிடமே வேண்டிக்கொள்கிறான். தன் உயிரை எடுக்கும் காரியத்தில் தானே உதவியாளாக நிற்கும் அவலம் நாவலில் எப்படி இருந்ததோ அப்படியே இங்கும் இருக்கிறது.

கனவுலகவாசியின் நான்கு இரவுகளுக்குப் பதிலாக இங்கே ஜன்னல்களும் மொட்டை மாடியும் இருக்கின்றன. கட்டடத்தின் நடுமுற்றத்துக்குக் குறுக்கே மிஷெலின் ஜன்னல் லியோனர்டின் அறையிலிருந்து தெரிகிறது. தொலைபேசியில் பேசிக்கொண்டே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காட்சிகளில், இவ்வளவு அருகில் இருப்பவளுக்கும் இவனுக்கும் இடையே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. மொட்டை மாடியில் பனிக்காற்று வீச நிற்கும் காட்சிகள்தான் நாவலின் கால்வாய்க்கரைக்கு மிக நெருங்கியவை. வீட்டுக்குள்ளும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல், யாருக்கும் சொந்தமில்லாத ஓரிடம் இருவருக்கு மட்டும் கொஞ்ச நேரம் கிடைக்கிறது.

எனக்கு இந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. அது சிறியதும் அல்ல. நாஸ்தென்கா உலக இலக்கியத்தின் மிக உயிர்ப்பான பெண்களில் ஒருத்தி. 'நாஸ்தென்காவின் கதை' என்று ஒரு பகுதி முழுவதும் அவள் தானே பேசுகிறாள். பாட்டியை ஏமாற்றக் காது கேளாத வேலைக்காரியைத் தன்னிடத்தில் உட்காரவைத்த குறும்பையும், துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு மாடிப்படியேறி அந்த இளைஞனின் அறைவாசலில் போய் நின்ற துணிவையும் மறைக்காமல் சொல்கிறாள். கனவுலகவாசி புத்தகம்போல் பேசிக்கொண்டே போகும்போது அவனைத் தடுத்து, இவ்வளவு அலங்காரமாகப் பேசாமல் சொல்லக் கூடாதா என்றும் கேட்கிறாள். கிரேயின் மிஷெலுக்கு அத்தகைய வாய்ப்பு கிடைக்கவில்லை. கருக்கலைவின் வேதனையோடு அவள் கிடக்கும்போதுகூட, லியோனர்ட் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதையே படம் முதன்மைப்படுத்துகிறது. குவினெத் பால்ட்ரோ தன்னால் இயன்ற அளவுக்கு அந்தப் பாத்திரத்துக்குப் பதற்றமும் வெகுளித்தனமும் ஊட்டியிருக்கிறார். இருந்தும் அவள் பெரும்பாலும் ஜன்னல் வழியே பார்க்கப்படுகிறவளாகவே நின்றுவிடுகிறாள். லியோனர்ட் அவளை உண்மையில் அறியவே இல்லை என்று காட்டத்தான் அப்படி வைத்தார்கள் என்று வாதிடலாம். எனக்கு அது போதவில்லை. கேட்கும் குரல் ஒன்று இருந்ததால்தான் கால்வாய்க்கரை இரவுகள் காதலாயின.

வினெஸ்ஸா ஷா நடித்த சான்ட்ராவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓரிரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ படத்தின் மையமே அவள்தான். அவள் அசடு இல்லை. கடையில் அவன் தாயோடு ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் தனக்கு அவனைப் பிடித்துப்போனது என்று அவளே சொல்கிறாள். பெற்றோர் ஏற்பாட்டுக்குப் பின்னால் அவளது சொந்த விருப்பம் இருக்கிறது. அவனுடைய நோயும் அவன் பட்ட அடியும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே அவனைப் பார்த்துக்கொள்ள விரும்புவதாகச் சொல்கிறாள். பரிசாக ஒரு ஜோடிக் கையுறைகளை வாங்கித் தருகிறாள். குளிரில் அவன் கைகள் வெறுமனே இருப்பதைக் கவனித்த ஒரே ஆள் அவள் என்பது அந்தப் பரிசிலேயே இருக்கிறது.

புத்தாண்டு இரவில் எல்லாம் ஒன்றுகூடுகிறது. மிஷெல் ரொனால்டை விட்டு விலகிவிட்டதாக நம்பி, அவளோடு சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓடிப்போக லியோனர்ட் பெட்டி கட்டுகிறான். அவளுக்காக மோதிரமும் வாங்கியிருக்கிறான். வீட்டில் விருந்தினர்கள் நிறைந்திருக்க, யாருக்கும் தெரியாமல் வெளியேறும்போது படிக்கட்டில் தாயிடம் அகப்பட்டுக்கொள்கிறான். அவள் தடுக்கவில்லை. அவனை அணைத்து, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று சொல்லி அனுப்புகிறாள். ஊசியைப் பாட்டி தானே கழற்றிவிடும் தருணம் அது. ரொசெல்லினியின் முகத்தில் அப்போது தெரியும் அன்புக்கு ஈடாக அண்மைக்காலப் படங்களில் நான் எதையும் பார்க்கவில்லை. கீழே முற்றத்தில் காத்திருக்கிறான். மிஷெல் வருகிறாள், பெட்டி இல்லாமல். ரொனால்ட் குடும்பத்தை விட்டு வந்துவிட்டான். நான்காம் இரவில் எதிரே வந்த அந்தக் குடித்தனக்காரன் இங்கே கண்ணில்கூடப் படுவதில்லை. செய்தியாக மட்டுமே வந்து சேர்கிறான்.

லியோனர்ட் கடற்கரைக்குப் போகிறான். மோதிரப் பெட்டியை எறிகிறான். தொடக்கக் காட்சியைப் பார்த்த நமக்கு அடுத்து என்ன நடக்கும் என்ற அச்சம் வருகிறது. அங்கே அவனுடைய கையுறை ஒன்று கீழே விழுந்து கண்ணில் படுகிறது. கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறான். பிறகு மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பி, விருந்தினர் நடுவே அமர்ந்திருக்கும் சான்ட்ராவிடம் அந்த மோதிரத்தைக் கொடுக்கிறான். அவன் கண்ணீரைக் கண்டு அவள் கேட்க, மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறான். இருவரும் அணைத்துக்கொள்ள, அவள் தோளுக்கு மேலாகத் தெரியும் அவன் முகத்தோடு படம் முடிகிறது.

இந்த முடிவைத் தோல்வி என்று பலர் சொல்கிறார்கள். குடும்பத்தின் வலையில் மீண்டும் விழுந்துவிட்டான், ஒருத்திக்கு வாங்கிய மோதிரத்தை இன்னொருத்திக்குக் கொடுத்து இருவரையும் ஏமாற்றிவிட்டான் என்பது அவர்கள் வாதம். அந்தப் பொய்யை நான் மறுக்கவில்லை; சான்ட்ராவுக்கு அது தெரியாது, தெரிந்தால் நொறுங்கிப்போவாள். ஆனால் நாவலின் கடைசிப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்காலையில் கடிதத்தைப் படித்து முடித்த கனவுலகவாசி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய தன்னைக் காண்கிறான்: அதே அறை, அதே தனிமை, சுவர்கள் மங்கி, மத்ரியோனாவும் கிழடுதட்டி, அவனும் முதுமையடைந்து. ஒரு கணத்துப் பேரின்பத்தை வாழ்நாள் முழுவதற்கும் வைத்துக்கொண்டவனுக்குக் கிடைத்த மீதி வாழ்க்கை அதுதான். லியோனர்டுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து என்ன இருக்கும்? இணைந்துவிட்ட இரு குடும்பங்களின் கடை, பிள்ளைகள், இன்னும் அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், குளிர்காலத்தில் கையுறை எடுத்துக் கொடுக்கும் மனைவி. இந்த வாழ்க்கையைக் குறைவானதாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. கடலோரத்தில் நின்றவன் திரும்பி வருவதற்கு மிஷெலின் நினைவு உதவவில்லை. சான்ட்ரா கொடுத்த ஒரு பொருள்தான் உதவியது. மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று அவன் சொல்வதில் பாதியாவது உண்மை என்று ஃபீனிக்ஸின் முகத்தைப் பார்த்து நான் நம்புகிறேன்.

இவ்வளவு நுட்பமான நடிப்பைப் பற்றி அன்று போதிய பேச்சு எழாமல் போனதற்கு ஒரு வெளிக்காரணமும் உண்டு. 2008 மே மாதம் கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட இந்தப் படம், அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 2009 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்குள் நடிப்பை விட்டுவிடுவதாக ஃபீனிக்ஸ் அறிவித்திருந்தார். படத்தைப் பற்றிப் பேச வேண்டிய தொலைக்காட்சி நேர்காணலில் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக, கேட்ட கேள்விகளுக்குச் சரிவரப் பதில் சொல்லாமல் அமர்ந்திருந்தார். எல்லோரும் அந்த நேர்காணலைப் பற்றியே பேசினார்கள். அந்தத் துறவு வேறொரு படத்துக்காகத் திட்டமிட்டு நடத்தப்பட்டது என்பது 2010-இல் வெளியானபோது, 'டூ லவ்வர்ஸ்' திரையரங்குகளை விட்டுப் போய் நெடுநாளாகியிருந்தது.

நாவலைத் தமிழில் படித்தவர்களும், 'இயற்கை' வழியாக மட்டுமே இந்தக் கதையை அறிந்தவர்களும் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பார்க்கும்போது லியோனர்டை மட்டும் பார்க்காமல், கோஹன் வீட்டார் வந்திருக்கும் அந்த முதல் விருந்திலிருந்தே சான்ட்ராவின் மீதும் ஒரு கண் வைத்திருங்கள். கிரே அவளுக்கென்று வைத்திருக்கும் சிறு சிறு பார்வைகளும் மௌனங்களும் அப்போதுதான் பிடிபடும்.